கூண்டில் இறங்கியவர்களும் வாளி சுமந்தவர்களும்: கோலார் தங்கவயலை முன்வைத்து உழைப்பின் பொருள் குறித்து



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு உழைப்பின் பொருள் என்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று நாம் முடிவு செய்ததற்குக் காரணம் மாணவர்கள்தான். கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளில் அவர்களுக்குத் திரும்பத் திரும்ப ஒன்று சொல்லப்படுகிறது: செய்கிற வேலையை நேசி, அதில் உன் வாழ்க்கையின் அர்த்தத்தைத் தேடு, உலகில் தாழ்ந்த வேலை என்று எதுவும் கிடையாது. தொழிலைத் தெய்வமாக்கும் வாசகத்தை ஆட்டோவின் முதுகிலும் கடைச் சுவரிலும் அன்றாடம் பார்க்கிறோம். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான், சொல்கிறவர்கள் எல்லோரும் நம் எதிரிகள் அல்ல. ஆனால் நம் வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்லி வளர்த்தது வேறொன்று. "இந்த வேல எங்களோட போகட்டும்." செருப்புத் தைத்தவரும் சொன்னார், களத்துமேட்டில் நெல் தூற்றியவரும் சொன்னார், நகராட்சித் துடைப்பம் பிடித்த அம்மாவும் சொன்னார். வேலையின் பொருள் வேலைக்குள்ளேயே இருக்கிறது என்று ஒரு தரப்பு போதிக்கும்போது, அந்த வேலை தன்னோடு முடிவதில்தான் பொருள் இருக்கிறது என்று இன்னொரு தரப்பு சொல்லியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வரலாறு இருக்கிறது. அதைக் கோலார் தங்கவயல் என்ற ஒரே ஊரை வைத்துப் பார்க்க முயல்கிறோம்.

சமூகவியல் வகுப்பில் உழைப்பிலிருந்து அந்நியமாதல் என்ற கருத்தை மார்க்ஸின் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளிலிருந்து தொடங்குவார்கள். பாடமாக வரும்போது அது பெரும்பாலும் இப்படிச் சுருங்கிவிடுகிறது: கைவினைஞர் தம் பொருளைத் தாமே செய்தார், அதில் அவருக்கு நிறைவு இருந்தது, ஆலை வந்து அதைப் பறித்துக்கொண்டது. ஐரோப்பாவுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை அந்த ஊர்க்காரர்கள் பேசிக்கொள்ளட்டும். நமக்கு வரிசை தலைகீழாக இருக்கிறது. ஆலையும் சுரங்கமும் ரயிலும் வருவதற்கு முன்பே இங்கே உழைப்பு உழைத்தவரிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தது. என்ன வேலை செய்வது, யாருக்குச் செய்வது, எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் பிறப்பு தீர்மானித்தது. செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, சாவுச் செய்தி சொல்லப் போவது, சுடுகாட்டு வேலை, ஏரி மதகைக் காப்பது, அறுவடைக்கு இறங்குவது எல்லாம் ஊருக்குச் செய்யும் கடமைகள். கிடைத்த தானியத்துக்குக் கூலி என்ற பெயர்கூட இல்லை. படி அளந்ததால் அவர் படியாள். 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலைபற்றி அரசுக்கு எழுதிய அறிக்கை, படியாள் முறையில் கடன் எப்படித் தலைமுறைகளைக் கட்டிப்போட்டது என்பதை ஒரு வெள்ளை அதிகாரியின் உலர்ந்த மொழியில் விவரிக்கிறது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் போராடிக்கொண்டிருக்கும் நிலங்களுக்கு வழிவகுத்த 1892ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின்னணி அந்த அறிக்கைதான்.

அதே ஆண்டுகளில்தான் மைசூர் சமஸ்தானத்தின் கிழக்கு ஓரத்தில் தங்கச் சுரங்கம் ஆழமாகிக்கொண்டிருந்தது. 1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் அங்கே சுரங்கங்களை நடத்தத் தொடங்கியது. வடஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளின் சேரிகளிலிருந்து ஆட்கள் போனார்கள். மேஸ்திரிகள் அழைத்துப் போனதும் உண்டு, இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போனதும் உண்டு. சாம்பியன் ரீஃப், ஊரிகம், மாரிக்குப்பம் என்று பெயர்கள் நம் குடும்பக் கதைகளுக்குள் நுழைந்தன. வேலூர், திருப்பத்தூர் பக்கத்துத் தோழர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ 'கோலாருக்குப் போன' கதை பலர் வீட்டில் இருக்கும்.

சுரங்க வேலையை நாம் அழகுபடுத்திச் சொல்ல வேண்டியதில்லை. இரும்புக் கூண்டில் நெருக்கியடித்து நின்று இறங்க வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தைத் தொட்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாறை திடீரென வெடித்துச் சிதறும். எந்தப் பாறை எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1940களில் அங்கே நடந்த மருத்துவ ஆய்வில் சுமார் 7,600 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நுரையீரலில் கல்தூசு படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் இருந்தது. மேலே வந்ததும் தங்கம் திருடியிருப்பார்கள் என்ற சந்தேகத்தில் உடலைச் சோதித்தார்கள். குடியிருப்பு மூங்கில் பாயால் அடைத்த தட்டி வீடு. வெள்ளையர் மேலே, ஆங்கிலோ இந்தியர் அடுத்து, தமிழ்க் கூலிகள் அடியில் என்ற அடுக்கு சுரங்கத்தின் ஆழத்தோடு சரியாகப் பொருந்தியிருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் போனார்கள், போனவர்கள் ஏன் திரும்பவில்லை? பஞ்சம், பசி என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். பஞ்சம் உண்மைதான். ஆனால் பஞ்சம் தீர்ந்த பிறகும் மக்கள் அங்கேயே இருந்தார்களே. நாம் நினைக்கும் காரணம் இது: சுரங்கத்தில் வேலைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தது. சங்கு ஊதினால் ஷிப்ட் தொடங்கும், மறுபடி ஊதினால் முடியும். சம்பள நாளில் காசு கைக்கு வரும். மேஸ்திரியின் கமிஷன், கடைக்காரரின் கடன் போக மிஞ்சுவது கொஞ்சம்தான் என்றாலும் அது எண்ணிப் பார்க்கக்கூடிய பணம். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கு ஊதிய பிறகு வரும் மாலைப் பொழுது யாருக்கும் கடன்பட்டதல்ல. ஊரில் படியாளுக்கு அப்படியொரு பொழுது இருந்ததில்லை. நள்ளிரவில் ஆண்டை வீட்டில் மாடு கன்று போட்டாலும் எழுந்து போயாக வேண்டும்.

அந்த மாலைப் பொழுதை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் தங்கவயலின் பெருமை இருக்கிறது. சாராயக் கடைக்கும் போனார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் பத்திரிகையும் படித்தார்கள். இராயப்பேட்டையில் சித்த மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. அந்த இதழுக்குச் சென்னைக்கு வெளியே மிக உறுதியான தளமாக இருந்தது தங்கவயல். மாரிக்குப்பத்தில் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை அமைந்தது. சுரங்கத்தில் பாறை உடைத்துவிட்டு வந்தவர்கள் அங்கே உட்கார்ந்து திரிபிடகம் பற்றியும் திருக்குறள் பற்றியும் பேசினார்கள், வாதம் செய்தார்கள், இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். எம்.ஒய். முருகேசம், ஜி. அப்பாதுரையார் முதலியோர் அந்த வட்டத்திலிருந்து எழுந்தவர்கள். 1914இல் அயோத்திதாசர் மறைந்தார். பின்னாளில், 1926இலிருந்து அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' தங்கவயலிலிருந்தே வந்தது. சித்தார்த்தா புத்தகசாலை என்ற பெயரில் பண்டிதரின் நூல்களை அச்சிட்டு விற்றதும் அந்த ஊர்தான். பூமிக்கு அடியில் தங்கம் வெட்டியவர்களின் காசில் அச்சான புத்தகங்கள் அவை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவந்தபோது தமிழ் அறிவுலகம் வியந்தது. தங்கவயல் குடும்பங்களுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. அவர்கள் மூன்று தலைமுறையாகப் படித்துக்கொண்டிருந்ததுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாறை உடைப்பது புனிதமான வேலை என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை. தங்கத்தை வெட்டியெடுப்பது நம் மரபுத் தொழில், ஆதலால் உயர்ந்தது என்று புராணம் கட்டவும் இல்லை. அவர்கள் தங்களுக்கு வேறொரு வரலாறு இருந்தது என்றார்கள்: நாம் பூர்வ பௌத்தர்கள், கல்வியும் மருத்துவமும் வேளாண்மையும் அறிந்தவர்கள், இந்த இழிநிலை பின்னால் சுமத்தப்பட்டது. அந்த வரலாற்றை நிறுவும் வேலைதான் அவர்களுடைய உண்மையான வேலை. சுரங்கம் அதற்குக் காசும் நேரமும் கொடுத்தது.

1930இல் நடந்த வேலைநிறுத்தத்தையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொழிலாளர் எல்லோரும் கைரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். அப்போது அங்கே அவர்களை வழிநடத்த வலுவான தொழிற்சங்கம் இல்லை. கூலி உயர்வுக்கு எழாத வேகம் கட்டைவிரலுக்கு ஏன் எழுந்தது என்று சில ஆய்வாளர்களுக்குப் புதிராக இருக்கலாம். சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயரே ரேகைச் சட்டம். அதை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து அப்போது பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ரேகை என்றால் குற்றவாளி. ஊரில் பிறப்பால் இழிந்தவர் என்ற முத்திரையிலிருந்து தப்பி வந்தவர்களை, இங்கே பிறவித் திருடர்கள் என்று முத்திரை குத்தினால் அவர்கள் எப்படி ஏற்பார்கள்? உயிரை வாங்கும் வேலையைச் செய்தவர்கள் இழிவை ஏற்க மறுத்தார்கள். வேலையை நிறுத்தும் உரிமை தங்களிடம் இருக்கிறது என்பதை அந்த நாட்களில் அவர்கள் நேரில் கண்டார்கள்.

இதுவரை சொன்னது நாம் மேடைகளில் பெருமையோடு சொல்வது. அதே ஊரில் இன்னொரு தெரு இருந்தது. பல்லாயிரம் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லைன் வீடுகளின் கழிப்பிடங்கள் உலர் கழிப்பிடங்கள். ஒவ்வொரு நாளும் அவற்றிலிருந்து மலத்தை வாளியில் அள்ளிச் சுமந்தவர்கள் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்த தெலுங்கு பேசும் தலித் குடும்பங்கள். தமிழ்த் தொழிலாளியின் பௌத்த மாலைப்பொழுதுக்கு முன்பாக, அவர் வீட்டுக் காலைப்பொழுதைச் சுத்தம் செய்து வைத்தவர்கள் இவர்கள். தங்கவயல் பௌத்தத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம் இந்தத் தெருவை அதே மூச்சில் பேசுவதில்லை. சுரங்கம் ஒரு சாதிக்குத் திறந்த கதவை இன்னொரு சாதிக்குத் திறக்கவில்லை. நவீனத் தொழில் வந்தால் சாதி தானாகக் கரையும் என்று நம்புகிற நண்பர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அண்ணல் அம்பேத்கர் இதை வெகுமுன்னரே பார்த்தார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில் பேசியபோது அவர் கொடுத்த உதாரணங்கள் மிகச் சாதாரணமானவை. ரயில்வேயில் நம்மவர் பாதை பராமரிக்கும் கேங்மேனாகவே காலம் முழுக்க இருந்தார், போர்ட்டராக முடியவில்லை. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், வீட்டுக்குள் தீண்டத்தகாதவரை விடமாட்டார்கள். பருத்தி ஆலைகளிலும் கூலி கூடுதலாக இருந்த நெசவுப் பிரிவில் நமக்கு இடமில்லை; அறுந்த நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்ததால் எச்சில் தீட்டு குறுக்கே நின்றது. சங்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் ஊதியது, ஆனால் எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்பதைச் சாதி சொன்னது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1936இல் நடந்த விவாதத்தை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். லாகூர் ஜாத் பாத் தோடக் மண்டல் மாநாட்டை ரத்து செய்த பிறகு அம்பேத்கர் தம் உரையைச் 'சாதி ஒழிப்பு' என்ற நூலாக அந்த மே மாதம் தாமே வெளியிட்டார். அதில் தொழில்பற்றி அவர் சொல்லும் பகுதி நம் தலைப்பைத் தொடுகிறது. சாதி வேலையைப் பிரிக்கும் ஏற்பாடு மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்துவைக்கும் ஏற்பாடு என்கிறார். அதோடு நிற்கவில்லை. விருப்பமும் தகுதியும் பார்க்காமல் பிறப்பால் தொழில் ஒதுக்கப்படும்போது மனிதருடைய மனமும் அறிவும் அந்த வேலையில் ஒட்டாது. வெறுப்பும் தட்டிக்கழிக்கும் எண்ணமும்தான் வளரும். இழிவு பூசப்பட்ட தொழிலிலிருந்து தப்பிக்கவே மனம் ஏங்கும். வேலையில் மன நிறைவு என்பதை அவர் அலட்சியம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அது வேண்டும் என்பதால்தான் சாதியை ஒழிக்கச் சொல்கிறார்.

காந்தியாரின் பதில் ஜூலையில் 'ஹரிஜன்' இதழில் வந்தது. ஆன்மிக ஆசிரியரான பிராமணரின் பணியும் துப்புரவு செய்பவரின் பணியும் கடவுளின் முன் சமம் என்பது அவர் நிலைப்பாடு. நவம்பர் 28ஆம் தேதி இதழில் 'இலட்சிய பங்கி' என்று தனிக் கட்டுரையே எழுதினார். நல்ல பங்கி கழிப்பறையை எப்படிக் கட்ட வேண்டும் என்று அறிந்திருக்க வேண்டும், மலத்தை உரமாக்கத் தெரிந்திருக்க வேண்டும், மலத்தின் தன்மையைக் கவனித்து உரியவரை எச்சரிக்கவும் வேண்டும், பணம் சேர்க்க ஆசைப்படக் கூடாது. காந்தியார் தாமே மலம் அள்ளியவர் என்று உடனே சொல்வார்கள். அள்ளினார், அது உண்மை. விரும்பியபோது அள்ளினார், விரும்பியபோது நிறுத்த அவரால் முடிந்தது. அம்பேத்கர் தம் மறுமொழியில் இதைத்தான் தொட்டார்: மகாத்மா வணிகர் குலத்தில் பிறந்தவர், அவர் முன்னோர் தராசை விட்டுத் திவான் வேலைக்குப் போனார்கள், அவர் சட்டம் படித்தார், தராசை அவர் தொட்டதே இல்லை, முன்னோர் தொழிலைச் செய்யச் சொல்பவர் தமக்கு ஏன் அதைச் செய்யவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் வந்ததாக நமக்குத் தெரியவில்லை. அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது வேலை நேரத்தைக் குறைக்கும் சட்டத்துக்கு வழி செய்தார். வேலையைப் போற்றிப் பாடுவதைவிட அதன் மணிக்கணக்கைக் குறைப்பது அவருக்கு முக்கியமாகப் பட்டது.

தங்கவயலின் அந்தத் தெருவில் 1966இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். பெற்றோர் இருவருமே மலம் அள்ளும் வேலை செய்தவர்கள். பிள்ளையிடம் நீண்ட காலம் அதை மறைத்தார்கள். 'எங்களோட போகட்டும்' என்பதன் இன்னொரு வடிவம் அது. அவர் படித்து முடித்த பிறகும் சமூகம் அவருக்கு அதே வாளியைத்தான் நீட்டியது. 1980களில் அவர் அந்த மக்களிடம் போய் இந்த வேலையை விடுங்கள் என்றபோது, விட்டால் எதைச் சாப்பிடுவது என்று அவரிடமே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர் கடிதம் எழுதினார், புகைப்படம் எடுத்தார், நாளிதழ்களில் செய்தி வந்தது, கடைசியில் நிர்வாகம் அந்தக் கழிப்பிடங்களை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ஊரிலிருந்து கிளம்பிய வேகம்தான் சஃபாய் கர்மசாரி அந்தோலனாக நாடெங்கும் பரவியது. வட இந்தியாவில் பெண்கள் தாங்கள் சுமந்த கூடைகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். 2015 டிசம்பர் முதல் 2016 ஏப்ரல் வரை 125 நாட்கள் நடந்த பீம் யாத்திரை, எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று மட்டும் கேட்டது.

சட்டம் பின்னால் மெதுவாக வந்தது. 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. பாதாளச் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. தொகை உயர்ந்த வேகத்தில் இயந்திரம் வரவில்லை. கொரோனா காலத்தில் தூய்மைப் பணியாளர் காலில் பூத் தூவி மாலை போட்டார்கள். ஒப்பந்தத்தை நிரந்தரமாக்கச் சொல்லி அதே பணியாளர்கள் தெருவில் உட்கார்ந்தபோது பூவோடு யாரும் வரவில்லை. மரியாதைச் சொல்லால் கூலியை ஈடுசெய்யும் இந்தப் பழக்கத்துக்கு 1936ஆம் ஆண்டுக் கட்டுரையின் சாயல் இருக்கிறது.

பறை பற்றிய கேள்வி இங்கே எழும் என்று தெரியும். சாவுக்குப் பறையடிக்க மறுத்ததற்காக நம் மக்கள் ஊர் விலக்கமும் அடியும் வாங்கினார்கள். இன்று அதே பறையை இளைஞர்கள் மேடையில் கலையாக அடிக்கிறார்கள். முரண் என்று சிலர் சொல்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. மறுத்தவர்கள் அந்தத் தோலை ஊர்க் கட்டளையிலிருந்து கழற்றிவைத்தார்கள். அப்படிக் கழன்ற பிறகுதான் அதை விரும்பி எடுப்பவருக்கு அது கலையானது. மறுத்த தலைமுறையை மறந்துவிட்டு அடித்தால் வெறும் தாளம்தான் மிஞ்சும். இதை விரிவாகப் பேச வேறொரு நாள் வேண்டும்.

2001 பிப்ரவரி 28இல் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்த ஊரில் இப்போது நிற்பவை சயனைடு மேடுகள். காற்றடித்தால் அந்தத் தூசு வீடுகளுக்குள் வருகிறது. மாரிக்குப்பம் நிலையத்தில் ரயில் பாதை முடிந்துவிடுகிறது, அல்லது அங்கேதான் தொடங்குகிறது. விடிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்குக் கிளம்புகிறார்கள்: கட்டட வேலை, துணித் தொழிற்சாலை, காவலாளி வேலை, மருத்துவமனைத் துப்புரவு, அலுவலகக் கணினி. சுரங்கத் தெருவின் பேரப்பிள்ளைகளும் வாளித் தெருவின் பேரப்பிள்ளைகளும் இப்போது ஒரே பெட்டியில் போகக்கூடும். யாருக்கு எந்த வேலை என்பதில் பழைய தெரு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை யாராவது உட்கார்ந்து கணக்கெடுக்க வேண்டும். போக ஏறத்தாழ 100 கிலோமீட்டர், வர அதே தூரம். வீடு திரும்பும்போது இரவாகிவிடுகிறது. தாத்தாவுக்குச் சங்கு ஊதிய பிறகு ஒரு மாலை இருந்தது, அதில் அவர் 'தமிழன்' படித்தார். பேரனுக்கு அந்த மாலை ரயிலிலேயே போய்விடுகிறது.

அந்த ரயிலில் பயணம் செய்பவர்களிடம் அவர்களுடைய வேலைபற்றியும் வீட்டுப் பெரியவர்களின் வேலைபற்றியும் கேட்டுப் பதிவு செய்வதை மன்றத்தின் வரும் ஆண்டுப் பணியாக முன்வைக்கிறோம். இரண்டு தெருக்களிலும் பேச வேண்டும் என்பதால் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் தெரிந்த மாணவர்கள் தேவைப்படுகிறார்கள். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள தோழர்களிடம் பெயர் கொடுக்கலாம்.